சீனியம்மாவின் வரிசை எண்

கூகைமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. ஆடி அமாவாசையோடு முடிகிற ஐந்து நாள் திருவிழாவில், மலையேற வருகிற கூட்டம் எதையெல்லாம் தொலைக்கிறதோ அதையெல்லாம் எடுத்து வைத்து உரியவரிடம் சேர்ப்பது அந்த மடத்தின் வேலை. சாமி கும்பிட வருகிறவர்கள் சாமியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது. குடையை விட்டவர் உண்டு. பல் செட்டை விட்டவர் உண்டு. குக்கரை விட்டவர் உண்டு. ஒரு வருஷம் உள்ளே சாம்பாரோடு விட்டுப் போனார்கள்.

மடத்துக்குத் தலைவி உமையாள் அம்மை. வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் சிற்சபேசனுக்கு வயது அறுபத்தொன்று. இதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது. சிற்சபேசன் முப்பத்தைந்து வருஷம் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்துவிட்டது, ஞானம் இன்னும் வரவில்லை என்று கவலைப்பட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

வந்த ஆறாம் மாதம் ஆடி வந்தது. அம்மை ஒரு நீள நோட்டை அவர் கையில் கொடுத்தார்.

"ஐயா, இந்த வருஷம் பட்டியலை நீங்க பாத்துக்குங்க."

"எந்த முறையில் எழுத வேண்டும் அம்மா?"

"வர்றத வர்றபடி எழுதுங்க. அஞ்சாம் நாள் மூணு மணிக்கு மைக்ல வாசிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் மூணு தரம் கூப்பிடணும். யாரும் வரலைன்னா அது மடத்துக்குப் போயிடும். அவ்வளவுதான்."

சிற்சபேசன் போன வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினார். 'பித்தளைச் சொம்பு. இடது கால் செருப்பு. தாத்தா ஒருவர். வேல். மூக்குக்கண்ணாடி. தாத்தாவின் பேத்தி. கோழி' என்று இருந்தது. அவருக்கு உடம்பு கொதித்தது. தாத்தாவும் கோழியும் ஒரே பக்கத்திலா? செருப்புக்கு அடுத்து வேலா? இதைக் கேட்பார் இல்லையா?

"வர்றதை வர்றபடி எழுதினால் தேடுகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

முதல் நாள் காலையிலேயே விதி வகுத்துவிட்டார். முதலில் வகை. ஒரே வகைக்குள் மதிப்பு அதிகமானது மேலே. மதிப்பும் ஒன்றென்றால் எடை. எடையும் ஒன்றென்றால் உயரம், பிறகு நிறம், பிறகு கிடைத்த தேதி. வகைகளில் எது முன்னே எது பின்னே என்பதும் மதிப்பை வைத்துத்தான். மதிப்புப் போட முடியாதது எதுவாக இருந்தாலும் கடைசிப் பக்கம். மேஜைமேல் ஒரு பலகையும் வைத்தார். 'கேட்டதற்கு மட்டும் பதில் கூறவும்' என்று அதில் எழுதியிருந்தது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்திலிருந்து அவர் ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்த ஒரே பொருள் அது.

மத்தியானமே சிக்கல் வந்துவிட்டது. யாரோ ஒரு சின்ன வெண்கலப் பிள்ளையாரைப் படியில் விட்டுப் போயிருந்தார்கள். விதிப்படி பிள்ளையாருக்கு நாற்பத்தெட்டாம் எண் விழுந்தது. பட்டியலைத் தட்டியில் ஒட்டியதுதான் தாமதம், கூட்டம் கூடிவிட்டது.

"என்னய்யா இது, பிள்ளையாரு குக்கருக்குப் பின்னாலயா?"

"குக்கர் ஐந்து லிட்டர். விலை அதிகம்."

"ஒரு துண்டுச் சீட்டு எழுதினாக்கூட பிள்ளையார் சுழிய மொதல்ல போட்டுட்டுத்தானய்யா எழுதுறோம்? நீ அவரையே நாப்பத்தெட்டுல ஒக்கார வச்சிருக்கியே!"

சிற்சபேசன் 'தெய்வங்கள்' என்று ஒரு வகை திறந்து பிள்ளையாரை முதல் எண்ணுக்கு ஏற்றினார். நாற்பத்தேழு பொருள்களுக்கு எண் மாறியது. உடனே வேறொருவர், அப்படியானால் பதினேழில் இருக்கிற வேல் என்ன ஆச்சு, தம்பியை விட்டுவிட்டு அண்ணனை மட்டும் கவனிப்பீர்களா என்று கேட்டார். வேல் ஏறியது. எலுமிச்சம்பழம் குத்திய சூலம் ஏறியது. அந்த எலுமிச்சம்பழம் தெய்வமா பழமா என்பதில் அவருக்கு அரை மணி நேரம் போயிற்று.

சாயங்காலம் அம்மையிடம் போனார். அம்மை மறுநாள் தண்ணீர்ப் பந்தல் மோருக்குப் பச்சை மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். பிள்ளையார் உயிருள்ளவையில் சேர்வாரா, உயிரற்றவையிலா?"

"அவரையே கேளுங்க."

சிற்சபேசன் நிஜமாகவே போய்க் கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார். பிறகு நோட்டில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினார்.

உயிருள்ளவை என்று சந்தேகமில்லாமல் சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு வந்தன. ஒரு கறுப்பு வெள்ளாடு. ஒரு பெரியவர். பெரியவருக்குக் காது கேட்காது. பெயர் கேட்டால் சிரிப்பார், ஊர் கேட்டால் சாப்பாடு எப்போது என்பார். சிற்சபேசன் வயதை உத்தேசமாக எண்பது என்று போட்டு, மதிப்பு என்கிற கட்டத்தில் கோடு இழுத்து, கடைசிப் பக்கத்தில் 'ஆட்கள்' என்ற தலைப்பின் கீழ்த் தனியாக எழுதினார். பெரியவர் எங்கே உட்காரச் சொன்னாலும் ஆட்டின் பக்கத்தில் போய்த்தான் உட்கார்ந்தார். பிராணிகள் வேறு, ஆட்கள் வேறு என்று அவரை இரண்டு தரம் கையைப் பிடித்து இடம் மாற்றியும் பயனில்லை.

ஆடு வேறு விதமாகப் பழிவாங்கியது. மடத்துப் பொங்கலைத் தின்று தினமும் எடை ஏறிக்கொண்டே போனது. எடை ஏற ஏற மதிப்பும் ஏறியது. மூன்றே நாளில் ஆடு பட்டியலில் ஆறு இடம் முன்னேறியது. பதிவறையில் சிற்சபேசனுக்கே அவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

குடைகள் முப்பத்தொன்று சேர்ந்தன. எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே விலை, ஒரே உயரம், ஒரே மழையில் ஒரே நாளில் தொலைந்தவை. இதற்கு என்ன செய்வது?

"அம்மா, எந்தக் குணத்தை வைத்துப் பார்த்தாலும் முப்பத்தொன்றும் சமமாக நிற்கின்றன. எதை முதலில் வைப்பது?"

அந்த நேரம் பார்த்து ஒருவர் வெயிலில் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். குடையைத் தொலைத்தவர். அம்மை குவியலைக் காட்டினார். அவர் குனிந்து, நடுவிலிருந்து ஒன்றை உருவி, விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

சிற்சபேசன் பின்னாலேயே ஓடினார். "ஐயா, ஐயா! இதுதான் என்று எப்படித் தெரியும்? ஏதாவது அடையாளம் உண்டா?"

"அடையாளம் என்னங்க அடையாளம். என் குடைங்க."

சிற்சபேசன் திரும்பிவந்து அம்மையின் முகத்தைப் பார்த்தார். பிறகு மீதி முப்பதுக்கும் எண்ணை மாற்றி எழுதினார்.

இரண்டாம் நாள் மாலை, பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் ஒரு மண் கலயத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னக் கலயம். வாயில் சிவப்புத் துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பெஞ்சில் இருந்ததாம், கூட்டம் இடித்துத் தள்ளிவிடப் போகிறதே என்று எடுத்து உள்ளே வைத்தாராம். வைத்துவிட்டு யாவாரம் பார்க்கப் போனவர் சாயங்காலம்தான் ஞாபகம் வந்து கொண்டுவந்தார். அது என்னவென்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒருவர் போய்விட்டார். அவருடைய அஸ்தியை மலைமேல் பால்சுனையில் கரைக்க யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். சுனைக்குப் போகிற பாதை வருஷத்தில் இந்த ஐந்து நாள்தான் திறந்திருக்கும். விட்டால் அடுத்த ஆடிதான்.

சிற்சபேசனுக்குத் தெரியாதா? தெரியும். பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கித்தான் தட்டிக்குப் பின்னால் அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்தார்.

'கலயம். மண். சிறியது. சிவப்புத் துணி.' மண் பாத்திரங்களில் தயிர்ச் சட்டிக்குக் கீழே, ஊறுகாய் ஜாடிக்கு மேலே, அறுபத்து மூன்றாம் எண். அன்று இரவே ஒரு கொலுசு வந்து சேர்ந்ததில் அது அறுபத்து நான்காகி, மறுநாள் ஒருவர் வந்து குக்கரை வாங்கிப் போனதில் மறுபடி அறுபத்து மூன்றானது. இப்படி நாலைந்து முறை எழுதி அடித்து எழுதியதில் சிற்சபேசனுக்கு அறுபத்து மூன்று என்றால் ஒரு வரிதான் ஞாபகம் இருந்தது. வரிக்குப் பின்னால் இருந்தது மறந்தே போயிற்று. இதுதான் அவருடைய முப்பத்தைந்து வருஷச் சம்பாத்தியம் என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, அம்மை மலைப் பாதியில் இருக்கிற தண்ணீர்ப் பந்தலுக்குப் போயிருந்த நேரம், ஒரு ஆள் வந்து மேஜைமுன் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கண் சிவந்து, சட்டை கசங்கி, இரவெல்லாம் அலைந்தவர்போல் இருந்தார்.

"ஐயா, எங்காத்தாவத் தொலைச்சிட்டேன்யா."

"உட்காருங்கள். உங்கள் பெயர்?"

"மாயழகுங்க."

"தொலைந்தது ஆளா, பிராணியா, பொருளா?"

"ஆத்தாய்யா!"

"ஆள்." எழுதிக்கொண்டார். "பெயர்?"

"சீனியம்மா. போன மாசம் பத்தாந் தேதி..."

சிற்சபேசன் பேனாவால் பலகையைத் தட்டிக் காட்டினார். "தேதிக்குப் பிறகு வருவோம். வயது?"

"எழுவத்து நாலு. சொனைக்குக் கொண்டு போகணும்னு..."

"கேட்டதற்கு மட்டும். உயரம்?"

மாயழகு கொஞ்சம் விழித்தார். பிறகு தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, எந் தோளுக்கு வரும்."

"நிறம்?"

"மாநெறம்."

"உடுத்தியிருந்தது?"

"சேப்புத் துணிதான்யா. நாந்தான் கட்டுனேன்."

சிற்சபேசன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். வயதான அம்மாவுக்கு மகன் சேலை கட்டிவிடுவதில் என்ன தப்பு, இருக்கலாம், பாவம் முடியாதவராக இருக்கும் என்று நினைத்து 'சிவப்புச் சேலை' என்று எழுதினார்.

"எங்கே விட்டீர்கள்?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சுல வச்சிட்டு டீ வாங்கப் போனேன்யா. கூட்டம். காச கொடுத்திட்டுத் திரும்பறேன், காணோம். கடைக்காரரக் கேட்டேன், யாவாரத்துல அவரு காதுலயே வாங்கல."

சிற்சபேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனய்யா, பெற்ற தாயைப் பெஞ்சில் விட்டுவிட்டு நீர் மட்டும் டீ குடிக்கப் போனீரோ? அந்த அம்மாளுக்கு ஒரு டீ வாங்கத் தோன்றவில்லையா?"

மாயழகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"வாங்குனேன்யா. ரெண்டு டீதான்யா வாங்குனேன்."

சிற்சபேசனுக்கே மனசு இளகிவிட்டது. அக்கறையாகத்தான் நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம், ஆட்கள். ஒரே ஒரு பதிவு. ஆண், எண்பது, காது கேட்காது.

"பொருந்தவில்லை. நாளைக்கு வாருங்கள்."

தட்டிக்கு இந்தப் பக்கம் மகன். அந்தப் பக்கம் தாய். நடுவில் ஒரு பழைய தென்னந்தட்டியும் ஒரு புது நோட்டும்.

நான்காம் நாள் மாயழகு மறுபடி வந்தார். "ஐயா, நான் நேத்து சொல்ல வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தார். "எல்லா விவரமும் பதிவாகிவிட்டது, திரும்பச் சொல்ல வேண்டியதில்லை" என்று சிற்சபேசன் ஆறுதலாகச் சொன்னார். மேஜைக்கு எதிரே நின்று பழகியவர் மாயழகு. போதும் என்று சொன்னால் வாயை மூடிக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியும். மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானமும் வந்தார். சிற்சபேசன் அவர்மேல் இரக்கப்பட்டு ஒரு சலுகை செய்தார்.

"மூன்று மணிக்கு வாசிப்பு. ஆட்கள் கடைசிப் பக்கம். நீங்கள் முதலிலிருந்து காத்துக் கிடக்க வேண்டாம். நாலரைக்கு வந்தால் போதும். அதுவரைக்கும் வேறு எங்காவது தேடிப் பாருங்கள்."

பட்டியலை ஒழுங்காக அடுக்கியதில் எவ்வளவு வசதி பாருங்கள்! மாயழகு கும்பிட்டுவிட்டு, மலையின் மறுபக்கத்துக் கடைகளில் விசாரிக்கப் போனார்.

மூன்று மணிக்குச் சிற்சபேசன் மைக்கைப் பிடித்தார். அவர் வாசித்த அழகை மறுக்க முடியாது. பிள்ளையாருக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். வேல் போயிற்று. கொலுசு போயிற்று. ஒரு அம்மாள் தன் பல் செட்டை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் நன்றி சொன்னார்.

"வெள்ளாடு, கறுப்பு, எடை பத்தொன்பது கிலோ. ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்."

யாரும் கை தூக்கவில்லை. ஆடு மடத்துக்கு என்று எழுதப் போகும்போது, காது கேட்காத பெரியவர் எழுந்தார். ஆட்டை அவிழ்த்தார். இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"பெரியவரே! ஆட்டை எங்கே கொண்டு போகிறீர்கள்?" சிற்சபேசன் மைக்கிலேயே கத்தினார். மைக்கில் கத்தியதால் பெரியவருக்குக் கேட்டது.

"ஊருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல."

"அது உங்கள் ஆடா?"

"பின்ன? நேந்துவிட்ட ஆடு. மொத நாளே அத்துக்கிட்டு ஓடிருச்சு. தேடிக்கிட்டு வந்தேன், இங்கன கட்டியிருந்துச்சு. சோறும் போட்டீங்க, இருந்தேன்."

"அப்படியானால் நீங்கள் காணாமல் போகவே இல்லையா?"

"நான் எதுக்குக் காணாமப் போறேன்?" என்றார் பெரியவர்.

கூட்டம் சிரித்தது. சிற்சபேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கங்களில் இரண்டு வரிகளை அடித்தார். நோட்டின் முதல் பாதியில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று.

வாசிப்பு தொடர்ந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் வந்தன.

"அறுபத்து மூன்று. மண் கலயம், சிறியது, சிவப்புத் துணி. ஒருதரம்."

யாரும் வரவில்லை.

"ரெண்டுதரம். மூணுதரம்."

விதிப்படி மண் பாத்திரம் சமையலறைக்கு. தயிர்ச் சட்டியோடும் ஊறுகாய் ஜாடியோடும் அது ஒரு கூடையில் ஏறிப் பின்கட்டுக்குப் போயிற்று.

நாலரைக்கு மாயழகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சிற்சபேசன் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஆட்கள் என்ற தலைப்பு இருந்தது. கீழே ஆள் இல்லை.

"பட்டியல் முடிந்தது" என்றார்.

மாயழகு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "ஆறு மணிக்குப் பாதைய அடைச்சிருவாகளே. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குப் போவேன்? ஆத்தா, ஒரு டீக்கு ஆசப்பட்டு ஒன்னய விட்டுட்டேனே!"

அந்த நேரத்தில் உமையாள் அம்மை காலிக் குடத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். அழுகிறவரைப் பார்த்தார். சிற்சபேசனைப் பார்த்தார்.

"என்ன ஐயா?"

"அம்மாவைத் தேடுகிறார் அம்மா. எல்லா விவரமும் சரியாக வாங்கியிருக்கிறேன். வயது, உயரம், நிறம், உடை, ஒன்று பாக்கியில்லை. பட்டியலில்தான் ஆள் இல்லை."

அம்மை நோட்டை வாங்கி அந்தப் பதிவை ஒரு தரம் படித்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் போய்ச் சிற்சபேசனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க இப்படி முன்னால வாங்க. நீங்க உங்க அம்மாவத் தேடுறீங்க."

"என் அம்மாவையா? அவர்கள் காலமாகி இருபது..."

அம்மை பலகையைத் தட்டிக் காட்டினார். "பெயர்?"

"விசாலாட்சி."

"வயசு?"

"போகும்போது எழுபத்தொன்பது."

"உயரம்?"

"ஐந்தடி..." சிற்சபேசன் நிறுத்தினார். "அது அப்போது. இப்போது உயரம் என்று எதை அம்மா..."

"நிறம்?"

சிற்சபேசன் அம்மை கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"உடுத்தியிருந்தது?"

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், சுடுகாட்டிலிருந்து நேராக ஆற்றங்கரைக்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனது சிற்சபேசனுக்கு ஞாபகம் வந்தது. பள்ளத்தில் பஸ் குதித்தபோதெல்லாம், 'பாத்தும்மா, பாத்து' என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தும் அவருக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

"சிவப்புத் துணி" என்றார்.

அடுத்த நொடி தட்டிக்குப் பின்னால் பாய்ந்தார். அலமாரி காலியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

சமையல்கட்டில் பேச்சி அவருக்காகவே காத்திருந்தாள். ஐந்து நாளாகப் பத்து அண்டாவில் சோறு வடித்தவள். கையில் கரண்டியும் இருந்தது.

"வாரும் ஐயா வாரும். படிச்ச மனுசன்தானே நீரு? யாரு வீட்டு அஸ்தியவோ ஊறுகா ஜாடியோட சேத்து அடுப்படிக்கு அனுப்பியிருக்கீரே, உமக்குப் புத்தி இருக்கா?"

"எங்கே பேச்சி? எங்கே வைத்தாய்?"

பேச்சி கொல்லைப்புறத்தைக் காட்டினாள். துளசிமாடத்துப் பக்கத்தில், கழுவிவிட்ட தரையில், வாழையிலைமேல் கலயம் இருந்தது. முன்னால் ஒரு அகல் விளக்கு. பக்கத்தில் டம்ளரில் காப்பி.

"காப்பி எதற்கு?"

"யாருன்னு எனக்கென்ன தெரியும்? யாரா இருந்தாலும் காப்பி குடிக்காமயா இருந்திருப்பாக?"

சிற்சபேசன் அந்த இடத்திலேயே, கரண்டியோடு நின்ற பேச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டுவதையாவது நிறுத்தினாள்.

கலயத்தைக் கண்டதும் மாயழகு எழுந்து ஓடிவந்தார். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, துணியின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்தார். சிற்சபேசன் அவர் காலில் விழப் போனார். அம்மை கடிகாரத்தைக் காட்டினார்.

மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். அறுபத்தொரு வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் மலையை நோக்கி ஓடினார்கள். பாதி ஓட்டம், பாதி நடை. பாதையின் வாசலுக்கு வந்தபோது ஐந்து இருபது. வனக்காவலர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கையில என்ன?"

"கலயம்" என்றார் சிற்சபேசன், பழக்கத்தில்.

"அஞ்சு மணிக்கு மேல பாத்திரம் பண்டமெல்லாம் மேல போகக் கூடாது. பொங்கல் வைக்கிறேன்னு போயி அங்கேயே தங்கிர்றாங்க. ஆளுங்க மட்டும் போகலாம், ஆறு மணிக்குள்ள இறங்கிரணும். எத்தனை ஆளு?"

மாயழகு சிற்சபேசனைப் பார்த்தார். சிற்சபேசன் கலயத்தைப் பார்த்தார்.

"மூன்று ஆள்" என்றார்.

காவலர் எண்ணினார். "ரெண்டு பேருதானே நிக்கிறீங்க?"

"மூன்று. நான், இவர், இவருடைய தாயார். பெயர் சீனியம்மா. வயது எழுபத்து நாலு. எழுதிக்கொள்ளுங்கள்."

காவலருக்கு அப்போதுதான் சிவப்புத் துணி கண்ணில் பட்டது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆனாலும் அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது.

"அதில்லைங்க. ஏறுன ஆளும் இறங்குன ஆளும் சரியா வரணும். மூணு பேரு ஏறி ரெண்டு பேரு இறங்குனா கணக்கு உதைக்குமே, நான் என்னன்னு எழுதறது?"

முப்பத்தைந்து வருஷத்தில் கூட்டல் ஒன்று உதைத்தாலும் சோறு இறங்காத மனுஷர் சிற்சபேசன்.

"உதைத்தால் உதைக்கட்டும்" என்றார்.

காவலர் 'ஆள் மூணு' என்று எழுதிச் சங்கிலியை அவிழ்த்தார்.

சிற்சபேசன் மடத்துக்குத் திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள். வேட்டி முழங்கால்வரை சுனைத் தண்ணீரில் நனைந்திருந்தது. மாயழகை அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன் என்றார். கேட்காமலே டீயும் வாங்கிக் கொடுத்தேன் என்றார். அம்மை பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்.

சிற்சபேசன் கை கால் கழுவவில்லை. நேராக மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்து, பேனாவை உதறி, எழுதப் போனவர் நிறுத்தினார். முன்பக்கம் புரட்டினார். பின்பக்கம் புரட்டினார். கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு அம்மையிடமே வந்துவிட்டார்.

"அம்மா, தப்பைத் திருத்தி எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். கலயங்களில் இருந்து எடுத்துவிட வேண்டும், அது நிச்சயம். ஆட்களில் எழுதலாம் என்றால், சுனையில் விட்டாயிற்று. தெய்வங்களில் எழுதலாம் என்றால், அதைச் சொல்ல நான் யார்? சீனியம்மா எந்தப் பக்கம் அம்மா?"

அம்மை இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"அவங்கதான் கிடைச்சிட்டாங்களே ஐயா. அடிச்சிட்டுச் சாப்பிட வாங்க."